பானை ஓட்டில் புகுந்த பொடி

இரண்டு விரல்கள் ஒரு கண்ணாடித் துண்டை அழுத்திப் பிடித்து, தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. லைசென்சு வாங்கப் போகிறவன் வண்டியில் போட்டுக் காட்டுகிற அதே எட்டுதான். ஆனால் உள்ளங்கை அகலத்துக்குள். பலகையில் சாம்பல் நிறப் பொடி தண்ணீரோடு குழைந்து சிமெண்டுப் பால் போலக் கிடந்தது. இருபது எட்டுக்கு ஒரு முறை துண்டு திரும்பும். நாற்பதுக்கு ஒரு முறை வாளித் தண்ணீரில் முங்கி எழும். துண்டின் அடியில் ஒட்டியிருந்தது மேட்டூர் அணையில் பிடித்த ஒரு ஜிலேபி மீனின் காதுக் கல். உளுந்து அளவுதான் இருக்கும். ஒளி ஊடுருவும் வரைக்கும் அதைத் தேய்க்க வேண்டும்.

“வயசு தெரியுதாக்கா?” என்று வாசலில் நின்றபடி கேட்டான் கலையரசன். விலங்கியல் துறை ஆய்வு மாணவன். மரத்தில் இருப்பது போலவே மீனின் காதுக் கல்லிலும் வளையம் உண்டு, அதை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாம் என்பது அவன் படிப்பு.

“உனக்குக் கண்ணாலம் ஆகறதுக்குள்ள தெரிஞ்சுரும். கம்முனு நில்லு சாமி.”

“அப்ப மீனு செத்து நாப்பது வருசம் ஆயிருக்கும்.”

அங்காளம்மாள் சிரிக்கவில்லை. எண்ணிக்கையில் இருந்தார். எண்ணும்போது அவர் சிரிப்பதில்லை என்பது அந்த வளாகத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

நிலவியல் துறையின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டிய சின்ன அறை அவருடையது. ஓர் அறுவை இயந்திரம், மூன்று கண்ணாடிப் பலகைகள், காற்றை உறிஞ்சுகிற ஒரு பம்பு, பழைய நுண்ணோக்கி ஒன்று. கல்லைச் சீவி, ஒரு முகத்தைச் சமமாக்கி, கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியின் பாதித் தடிமன் கூட இல்லாதபடி தேய்த்துத் தருவது வேலை. அந்தத் தடிமனுக்கு வந்ததும் கருங்கல் கூட ஜன்னல் கண்ணாடி ஆகிவிடும். நுண்ணோக்கியில் வைத்தால் கல்லுக்குள் இருக்கிற ஒவ்வொரு மணியும் தன் நிறத்தைக் காட்டும். குவார்ட்ஸ் என்கிற வெண்கல் மணி மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். வெளிறிய சாம்பலாக மாறினால் நிறுத்திவிட வேண்டும். அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவே நான்கைந்து எட்டுதான். ஓர் எட்டு கூடினால் கல்லே இல்லாமல் போய்விடும்.

மல்லசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவர். சேலத்துக்கு வந்து கிரானைட் பாலிஷ் பட்டறையில் பதினொரு வருடம் இருந்தார். பட்டறையை மூடியபின் பல்கலைக்கழகத்துக்குப் பெருக்க வந்தார். அப்போது கல் தேய்க்கிற ஆபரேட்டர் ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மாணவர்கள் கல்லை வெளியூருக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அறையைக் கூட்டப் போன அங்காளம்மாள், குப்பையில் கிடந்த துண்டுகளை எடுத்து மதிய நேரத்தில் தேய்த்துப் பார்த்தார். சொல்லித்தர ஆள் இல்லை. இருநூறு துண்டு பாழாகின. எது ஏன் பாழானது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அதற்கடுத்து வந்த துண்டுகளில் ஒன்றைத்தான் பேராசிரியர் குமரகுரு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே “இது யாரு செஞ்சது?” என்று கேட்டார். அது நடந்து பதினாறு வருடம்.

முதலில் கல்லுக்கு மட்டும் என்று இருந்த அறை பிறகு அப்படி இருக்கவில்லை. இயற்பியல் துறைக்காரர்கள் தாங்களே உலையில் சுட்ட கரிய வில்லைகளைக் கொண்டுவந்தார்கள். உணவியலில் ஒரு பெண் நாமக்கல் பண்ணைகளிலிருந்து முட்டை ஓடு கொண்டுவந்தாள். ஓட்டில் உள்ள துளைகள் அடைபடாமல் வேண்டும் என்பாள். வேறொருவர் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து யாருடைய சிறுநீரகத்திலிருந்தோ எடுத்த கல்லைக் கொடுத்துவிட்டு, பேரைச் சொல்லக் கூடாது என்றார். தாவரவியலுக்குக் கொட்டாங்குச்சி. இன்னொருவருக்கு உடைந்த பாலத்தின் சிமெண்டுக் கட்டி. ஒருவருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும், ஒருவருக்கு நெடுக்கே. அவர்கள் அதில் எதைத் தேடுகிறார்கள் என்று அங்காளம்மாளுக்கு முழுதும் புரிந்ததில்லை. எது நடந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறார்கள் என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரியும்.

“உளவியல்காரங்க மட்டும் இன்னும் ஒண்ணும் கொண்டாரலீங்க” என்று கலையரசன் ஒரு முறை சொன்னான்.

“கொண்டாந்தா அரைச்சுத் தந்துருவேன். மிச்சத்த வெக்கத்தான் டப்பா பத்தாது.”

மிச்சம் வைப்பது அவருடைய பழக்கம். எது வந்தாலும் வெட்டியதுபோக உள்ளதை ஒரு காகிதத்தில் மடித்து, எண் எழுதி, தகர டப்பாவில் போட்டுவிடுவார். எந்த நாள், எந்தப் பொடி, பசை ஊட்டியதா இல்லையா, தேய்க்கும்போது கைக்கு எப்படி இருந்தது என்று நோட்டில் ஏறும். ஏன் இவ்வளவு என்று கேட்டால், “அதுல அவுங்க பொருளு மட்டுந்தான் இருக்கோணும். என்ற கை இருக்கக் கூடாதுங்க” என்பார்.

அந்த வாரம் புதன்கிழமை தேவிப்ரியா வந்தாள். வரலாற்றுத் துறையில் தொல்லியல் ஆய்வு மாணவி, வாழப்பாடிக்காரி. கையில் சுருட்டிய பெரிய தாள்.

“அக்கா, உங்க வேலை போஸ்டர் ஆயிடுச்சு, பாருங்க!”

போன வருடம் அவள் பன்னிரண்டு பானை ஓட்டுச் சில்லுகளைக் கொடுத்திருந்தாள். வாழப்பாடிக்குக் கிழக்கே ஆற்றங்கரை மேடு ஒன்றைத் தோண்டியபோது எடுத்தவை. அங்காளம்மாள்தான் அவற்றை ஸ்லைடாக்கிக் கொடுத்தார். அதில் நான்கு ஓடுகளுக்குள் கூர்கூராக மின்னுகிற மணிகள் இருக்கின்றன என்று தேவிப்ரியா கண்டுபிடித்திருந்தாள். போஸ்டரில் அதில் ஒரு மணியின் படம் முறம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது.

“குருந்தக்கல்லுக்கா. இது பரமத்திப் பக்கந்தான் கிடைக்குது. எங்க ஊர்க் குயவன் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மேக்கேருந்து கல்லைக் கொண்டுவந்து இடிச்சு மண்ணுல கலந்திருக்கான். அந்தக் காலத்துலயே போக்குவரத்து இருந்திருக்கு. என் ஆய்வுல அஞ்சாவது அத்தியாயமே இதுதான். அடுத்த வியாழக்கிழமை துறையில எல்லார் முன்னாடியும் படிக்கப் போறேன். நன்றியில உங்க பேரு போட்டிருக்கேன்.”

அங்காளம்மாள் படத்தைப் பார்த்தார். உடைந்த பாட்டில் போன்ற ஓரம். கறுத்த விளிம்பு. நடுவே நீலமும் பச்சையும் ஓடுகிற மினுக்கம். அந்த மணியை அவருக்குத் தெரியும். ஸ்லைடு நன்றாகக் கழுவப்பட்டதா என்று தினமும் நுண்ணோக்கியில் தேடுகிற மணி அது. தேய்ப்பதற்காகப் பலகையில் போடுகிற கார்பைடு பொடி. அவருடைய பொடி.

“நல்லா இருக்குது சாமி” என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் போனபின் அங்காளம்மாள் நோட்டை எடுத்தார். பன்னிரண்டு சில்லுகளும் வரிசையாக இருந்தன. எட்டுச் சில்லுகளுக்கு நேரே “பசை ஊட்டியது” என்று இருந்தது. துளை உள்ள பொருள் எதுவானாலும் முதலில் பம்பில் வைத்துக் காற்றை உறிஞ்சி, உள்ளுக்குள் பசையை இறக்கி, துளைகளை மூடிய பிறகுதான் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பொடி உள்ளே புகும். மூன்று, ஏழு, எட்டு, பதினொன்று ஆகிய நான்குக்கு நேரே அவருடைய கையெழுத்தில் இருந்தது: “தட்டினால் கல் போல் சத்தம். பசை வேண்டியதில்லை.”

தேவிப்ரியா சொன்ன நான்கும் அதே நான்குதான்.

கிரானைட் பட்டறையில் பலகையை நகத்தால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் உள்ளே விரிசல் இல்லை, மொத்தென்றால் ஒதுக்கிவிடுவார்கள். பதினொரு வருடம் காதில் ஏறிய பழக்கம். அந்த நான்கு சில்லுகளும் நன்றாக வெந்தவை, கணீரென்றன. கல் என்று காது சொன்னதை அவர் நம்பிவிட்டார். நன்றாக வெந்த ஓடும் கணீரென்னும், ஆனால் உள்ளே துளைத்துளையாக இருக்கும் என்று தோன்றவில்லை. சமமாக்கிய முகத்தில் பொடி புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதன்மேலேயே கண்ணாடியை ஒட்டியாயிற்று. அதற்குப்பின் எத்தனை வாளித் தண்ணீரில் முக்கியும் பயனில்லை. கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் நடுவே அது அடைபட்டுவிட்டது.

அன்று மாலை குமரகுருவின் அறைக்குப் போய்ச் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“என்கிட்டயும் அந்தப் பொண்ணு போன்ல படத்தைக் காட்டுச்சும்மா. ஓடுற ஓட்டத்துல இருக்கலாம்னு சொல்லிட்டேன்.” பிறகு அங்காளம்மாளை நேராகப் பார்த்தார். “நீ உறுதியா சொல்ல முடியுமா?”

“முடியுமுங்க. நீங்க குடுத்த குருந்தக்கல்லு எத்தன அரைச்சிருக்கறேன். அது உள்ள இருந்தா தேயவே தேயாது. பலகைய வரிவரியாக் கீறிப்போடும். இந்த நாலும் வெண்ணெயாட்டப் போச்சுன்னு நோட்டுல நானே எழுதியிருக்கறேனுங்க.”

“இதை நீ சொன்னா அந்தப் புள்ளையோட அத்தியாயம் மட்டும் போகாது அங்காளம்மா. இங்கே வந்து அரைச்சுட்டுப் போன ஒவ்வொருத்தனும் தன் ஸ்லைடை எடுத்துப் பார்ப்பான். பதினாறு வருஷப் பேரு. யோசிச்சுக்கோ. வரலாற்றுத் துறையில இதைக் கண்டுபிடிக்கிற ஆளு யாரும் இல்லை.”

“அதாங்க” என்றார் அங்காளம்மாள். “கண்டுபுடிக்கற ஆளு நானு ஒருத்திதான இருக்கறேன்.”

குமரகுரு மூக்குக்கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அங்காளம்மாள் ஒரு சிட்டிகைப் பொடியைப் பசையில் குழைத்து வெறும் கண்ணாடியில் ஒட்டி, அந்த ஸ்லைடை முந்தானையில் முடிந்துகொண்டு வரலாற்றுத் துறைக்கு நடந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் போனதே இல்லை. எல்லாரும் அவரைத் தேடி வருவார்களே தவிர அவர் யாரையும் தேடிப் போனதில்லை. வழியில் உணவியல் துறை வாசலில் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. இயற்பியல் கட்டடத்தின் பின்னால் உலையின் புகைக்குழாய். தாவரவியல் தோட்டத்தில் யாரோ இலைகளை எண்ணி ஒரு கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கு உள்ளேயும் தான் தேய்த்துக் கொடுத்த துண்டு எதுவோ நுண்ணோக்கியின் கீழே இருக்கும் என்று நினைத்தபடி நடந்தார். இத்தனை நாள் அது பெருமையாக இருந்தது.

தேவிப்ரியா கருத்தரங்க அறையில் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தாள். அங்காளம்மாள் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. எந்த நான்கு, ஏன் பசை ஊட்டவில்லை, என்ன புகுந்தது, எல்லாவற்றையும் சொன்னார்.

தேவிப்ரியாவின் கையில் ஒட்டுப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க அரைச்சுக் குடுக்குறவங்கக்கா. உள்ள என்ன இருக்குன்னு பார்க்குறது என் வேலை. குருந்தம் எது, பொடி எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“குருந்தத்த நீ பாத்துக்க சாமி. என்ற பொடி எனக்குத் தெரியும்.”

முந்தானையை அவிழ்த்து ஸ்லைடை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளாமல் நின்றாள். பிறகு பிடுங்குவது போல வாங்கி, மூலையில் இருந்த நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. மேசையிலிருந்து ஏழாம் எண் ஸ்லைடை எடுத்து மாற்றி வைத்தாள். மறுபடி முதல் ஸ்லைடு. மறுபடி ஏழு. ஆறேழு முறை மாற்றினாள். வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்து, கிளம்பாமல் விட்டுவிட்டார்கள்.

“நாலு வருஷங்க்கா” என்றாள், குனிந்தபடியே. “அந்த மேட்டுல வெயில்ல நின்னு... எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு.”

ஆறுதல் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று அங்காளம்மாளுக்குப் பட்டது. “மிச்சம் இருக்குது சாமி” என்றார்.

“என்ன மிச்சம்?”

“நாலு ஓட்டுலயும் வெட்டுனது போக மிச்சம் வெச்சிருக்கறேன். மறுக்கா செஞ்சு தாரேன். இந்த வாட்டி பொடியே படாது. வைரத்தூள் பதிச்ச தட்டுலயே தேய்க்கறேன். உள்ள குருந்தம் இருந்தா இருக்கட்டும், இல்லீனா இல்ல. அதப் பாத்துட்டு வர்ற வியாழக்கெழம படி.”

அவள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. “கெட்டுப்போச்சுன்னா?”

“மத்த மூணுக்கும் பயமில்ல. ஏழு மட்டும் நகத்துண்டு அளவுதான் இருக்குது. அது போச்சுன்னா போச்சு. உன்ற பொருளு. நீ சொன்னாத்தான் தொடுவேன்.”

தேவிப்ரியா போஸ்டரைப் பார்த்தாள். பிறகு ஒட்டியிருந்த ஒரு மூலையை உரித்து எடுத்தாள்.

“செய்யுங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பசை இறங்க ஒரு நாள், இறுக ஒரு நாள். சனிக்கிழமை அங்காளம்மாள் தேய்க்க உட்கார்ந்தார். அதற்குள் செய்தி பரவிவிட்டது. அவரே பரப்பினார் என்றும் சொல்லலாம். பதினாறு வருட நோட்டையும் புரட்டி, துளை உள்ள பொருளுக்குப் பசை ஊட்டாமல் விட்ட இடம் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடினார். இரண்டு இருந்தன. இரண்டும் பாலத்துச் சிமெண்டுக் கட்டி. அதைக் கொடுத்தவருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். மதியத்துக்குள் அவர் வந்து, மிச்சக் கட்டிகளையெல்லாம் ஒரு பையில் வாங்கிக்கொண்டு போனார். முட்டை ஓட்டுப் பெண் வந்து தன் பக்கத்தைத் திறந்து வரி வரியாகப் படித்துவிட்டுப் போனாள். எல்லாவற்றுக்கும் பசை ஊட்டியிருந்தது. இருந்தும் அவள் இரண்டு முறை படித்தாள்.

கலையரசன் மட்டும் வழக்கம்போல வாசலில் நின்றான். “இன்னும் ஆறு மீனு இருக்குதுங்க்கா.”

“என்ற கைய நம்பிக் குடுக்கறயா?”

“பொடிக்கு வயசு இல்லீங்களே. வளையத்துக்குத்தானே வயசு.”

அவர் தலையைத் தூக்காமல், “வெச்சுட்டுப் போ” என்றார். அவன் ஆறு பொட்டலத்தையும் ஓசையில்லாமல் வைத்துவிட்டுப் போனான்.

மூன்றும் எட்டும் பதினொன்றும் ஒழுங்காக வந்தன. வைரத்தட்டில் வேலை மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் வைத்து மூலை முடுக்கெல்லாம் தேடினார். மின்னுகிற மணி ஒன்றுகூட இல்லை. அவர் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் ஒவ்வொரு முறை கண்ணை வைக்கும்போதும், ஒரே ஒரு மணியாவது இருந்துவிடக் கூடாதா, தான் சொன்னதுதான் தப்பு என்று ஆகிவிடக் கூடாதா என்று ஏங்கினார்.

ஏழாம் எண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தார். விரல் நுனியில் பிடி கொள்ளாத துண்டு. ஐந்து எட்டு போடுவார், பார்ப்பார். மூன்று போடுவார், பார்ப்பார். வெண்கல் மணிகள் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்தன. ஓரம் ஒன்று கரைந்து போனது. இன்னும் இரண்டு எட்டு போட்டால் மஞ்சள் சாம்பலாகும். துண்டும் மொத்தமாகப் போனாலும் போகும். பதினாறு வருடத்தில் மஞ்சளோடு ஒரு ஸ்லைடை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. விரலைத் துண்டின்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு விரலை எடுத்தார். துண்டைக் கழுவித் துடைத்தார்.

அதிலும் குருந்தம் இல்லை. ஆனால் பசை போய் நிறைந்திருந்ததால் துளைகளின் வடிவம் இப்போது துலக்கமாகத் தெரிந்தது. வெறும் குழிகள் அல்ல. நீளமாக, வளைந்து, நுனி கூர்ந்து, எல்லாம் ஒரே மாதிரி. மண்ணில் கலந்திருந்த எதுவோ சூளையில் எரிந்து போய், தன் வடிவத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. உமி போல இருந்தது. அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல அங்காளம்மாள் யார்? நோட்டில் “துளைகள் ஒரே வடிவம்” என்று மட்டும் எழுதினார்.

திங்கட்கிழமை காலை தேவிப்ரியா வந்தாள். முகம் வாடியிருந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தை அவள் தள்ளிப்போடக் கேட்டுவிட்டாள் என்றும், வழிகாட்டி அரைமணி நேரம் பேசினார் என்றும், அடுத்த பருவத்துக்குப் போய்விட்டது என்றும் நின்றபடியே சொன்னாள். ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அங்காளம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். எட்டு ஸ்லைடுகள் இருந்தன.

“இது புதுசு நாலு. ஏழு மட்டும் கொஞ்சம் தடிமனு, மஞ்சளாத் தெரியும். அதுக்கு மேல தேய்க்க எனக்குத் தைரியம் வரல. அதயும் எழுதியிருக்கறேன். நீ குடுத்தனுப்புன பழசு நாலும் இதுலயே இருக்குது. தூக்கிப் போட்டுறாத. நாளைக்கு யாராச்சும் கேட்டா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டோணும்.”

பெட்டியின் மூடிக்குள் நோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிய தாள் மடித்திருந்தது. தேவிப்ரியா அதை விரித்துப் படித்தாள். “தட்டினால் கல் போல் சத்தம். பசை வேண்டியதில்லை” என்ற வரியும் அப்படியே இருந்தது. கடைசி வரியில் அவள் கண் நின்றது.

“துளைகள் ஒரே வடிவம்னா?”

“பாரு. எனக்கு உமியாட்டத் தெரியுது. நெல்லா, சாமையா, வேற எதாவதான்னு தாவரவியல்ல கேளு. கொட்டாங்குச்சி கொண்டாருவாங்களே ஒரு மேடம், அவுங்களுக்குத் தெரியும். நான் சொல்லீட்டேன்னு எழுதீராத.”

அவள் அந்தத் தாளை மடிக்காமல் வைத்திருந்தாள். “நன்றியில உங்க பேரை எடுத்துடவா, இருக்கட்டுமாக்கா?”

“நன்றியில வேண்டாம் சாமி. எப்பிடிச் செஞ்சதுன்னு எழுதுவீங்கல்ல, அங்க போடு. மொதல்ல எப்பிடித் தப்பாச்சு, மறுக்கா எப்பிடிச் செஞ்சதுன்னு எழுதி, செஞ்சது இன்னாருன்னு போடு.”

தேவிப்ரியா தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அங்காளம்மாள் பெட்டியை மூடி, கொக்கியை மாட்டினார். மூடியின் மேல் ஈர விரல் பட்ட தடம் இருந்தது. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.